முன்னால் போகிறவளுக்குத்தான் களைக்கும்



சென்ற மாதம் இந்தப் பக்கத்திற்கு வந்த கடிதங்களில் ஒன்றை இன்னும் என் மேசையிலேயே வைத்திருக்கிறேன். எழுதிய சகோதரி தன் பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் எழுதியது இதுதான். "வீட்டுப் படலையில் இருந்து ஒழுங்கை முனை வரைக்கும் தனியாகப் போவேன். அதற்கு அப்பால் என்றால் யாராவது முன்னால் நடக்க வேண்டும். அவருடைய கால் வைத்த இடத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் கால் வைப்பேன். இது ஒரு வருத்தமா? சொன்னால் பிள்ளைகளே சிரிப்பார்கள்."

சகோதரி, நான் சிரிக்கவில்லை. எனக்கும் பதினேழு வருடம் அது இருந்தது. அது எங்கே, எப்படிக் கொஞ்சம் இளகியது என்று இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதவில்லை. காரணம் வெட்கம். ஒற்றைக்காலோடு நோர்வே நாட்டின் பனிமலையில் குதிரைச் சவாரி செய்தேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்? நம்பினாலும், "இவவுக்கு இந்த வயதில் இது என்ன ஆட்டம்" என்றுதான் கேட்பார்கள். இருந்தாலும் உங்கள் கடிதத்துக்காக இந்த மாதம் அதை எழுதுகிறேன்.

என்னுடைய கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை தொடங்கியபோது உடுத்த உடுப்போடு வெளியேறினோம். 2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்பாடு வந்தது. சில மாதங்களில் வளவைப் பார்க்கப் போனேன். கிணற்றுக்குப் பின்னால் இருந்த மாமரத்தடிக்கு விறகு பொறுக்கப் போனபோது மிதிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தேன். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் போட்டார்கள். 1968இல் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரத்தில் ஒரு கைவினைஞரும் ஒரு எலும்பு வைத்தியரும் சேர்ந்து உருவாக்கிய இறப்பர்க் கால் அது. வெறுங்காலோடு நடக்கிற, சம்மணம் போட்டு இருக்கிற, சேற்றில் இறங்குகிற எங்களைப் போன்ற ஆட்களுக்காகவே செய்தது. அதைப் போட்டுக்கொண்டு சமைத்தேன், தண்ணீர் அள்ளினேன், பஸ் ஏறினேன், வேலைக்குப் போனேன். நடக்கப் பழகிவிட்டேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மற்றவர்கள் மிதித்த இடத்தில் மட்டும்தான் நடக்கப் பழகினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

எங்கள் வளவில் பிறகு மிதிவெடி அகற்றினார்கள். முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு, முழங்காலில் இருந்து, ஒவ்வொரு சாணாக மண்ணைக் கிளறிய அந்தப் பணியாளர்களில் பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். காணி துப்புரவு என்று கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். கடுதாசியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மாமரத்தடிக்கு மட்டும் போகவில்லை.

இனி என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாவகச்சேரியில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவள். 1991இல் நோர்வேக்குப் போனாள். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். 2019 தை மாதம் விமானச் சீட்டை அனுப்பிவிட்டுத் தொலைபேசியில், "எடியே, சாகிறதுக்கு முதல் ஒருக்கா வந்து என்ரை குதிரையளைப் பாத்திட்டுப் போ" என்றாள். அவளுடைய குதிரைகள் என்பது அவள் அயலில் உள்ள ஒரு கமத்தின் குதிரைகள். சனி, ஞாயிறுகளில் அவள் அவற்றுக்குப் புல் வைத்து, குளம்பு துப்புரவாக்கி, ஓட்டிக்கொண்டு வருவாள்.

குதிரை என்றால் எனக்குத் தெரிந்தது நெடுந்தீவில் நிற்கிற மட்டக்குதிரைகள்தான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்தேன். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வம்சம் என்று ஆசிரியர் சொன்னார். வெயிலில் மெலிந்து, தண்ணீர்க் குட்டையைத் தேடி அலைந்த அந்தக் குதிரைகளில் யாரும் ஏறுவதை நான் காணவில்லை.

ஒஸ்லோவில் இருந்து புகையிரதத்தில் வடக்கே ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். நோர்வேயின் மிகப்பெரிய ஏரியான மியோசாவின் கரையோடு போய் லில்லஹாமர் என்ற நகரத்தில் இறங்கினோம். 1994இல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம் அது. அங்கிருந்து காரில் மலைக்கு ஏற வேண்டும். எங்கள் ஊரில் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் நுனியில் நிற்பது. வெயில் வந்தால் போய்விடும். இங்கே பனி என்றால் வேலிக் கட்டையின் தலை மட்டும் தெரிகிற அளவுக்குக் கிடக்கிறது. பெப்ரவரி நடுப்பகுதியில் காலை எட்டு மணி அளவில்தான் சூரியன் வருகிறது, பின்னேரம் ஐந்து மணிக்குள் போய்விடுகிறது. நாங்கள் போன நாட்களில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை.

லாயத்துக்குள் போனதும் முதலில் வந்தது வைக்கோல் வாசம். கண்ணை மூடினால் எங்கள் மாட்டுக்கொட்டில்தான். அங்கே நின்றவை பியோர்ட் குதிரைகள். நோர்வேயின் மேற்குக் கரையில் தோன்றிய பழைய இனம். உயரம் அதிகம் இல்லை, என் தோள் மட்டத்துக்குத்தான் முதுகு வரும். ஆனால் கட்டுமஸ்து, 400 கிலோவுக்கு மேல் நிறை. நிறம் காய்ந்த மணல் நிறம். பிடரி மயிரின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் வெள்ளை. நிமிர்ந்து நிற்கும்படி கத்தரித்து விடுவார்கள். எனக்கென்று தந்தது பத்தொன்பது வயதுப் பெண் குதிரை. தோழி அதற்கு ஆச்சி என்று பெயர் வைத்திருந்தாள். தன்னுடைய ஆண் குதிரைக்கு இளையவன்.

"இந்தக் குளிருக்குள்ளை இதுகள் சாகாதோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டு ஆச்சியின் முதுகைக் காட்டினாள். முற்றத்தில் நின்றபோது விழுந்த பனி உருகாமல் அப்படியே இருந்தது. உள்ளே இருக்கிற சூடு வெளியே வந்தால் அல்லவா பனி உருகும்! குளிர்காலத்துக்கு மயிர் தடித்து வளரும், குளிர் கூடும்போது சிலிர்த்து நிற்கும், அதற்குள் அடைபடுகிற காற்று போர்வை போலக் காக்கும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். குதிரைக்கு அடுப்பு அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. காய்ந்த புல் பெருங்குடலில் கிடந்து நொதிக்கும்போது சூடு உண்டாகும். அதனால் குளிர் நாட்களில் புல்லைக் கூட்டி வைப்பார்கள். தண்ணீர் மட்டும் கட்டாயம் கொடுக்க வேண்டும். பனியைத் தின்னட்டும் என்று விடக்கூடாது. பத்து வாளி புதுப் பனியை உருக்கினாலும் ஒரு வாளித் தண்ணீர்தான் வரும். தண்ணீர் குறைந்தால் குடல் அடைத்துச் செத்துப்போகும். ஆகவே இளஞ்சூடாக்கிய தண்ணீரை வாளியில் சுமந்துகொண்டு போய் வைத்தாள். விடிய எழும்பி மாட்டுக்குக் கழனித் தண்ணீர் வைத்த உங்களுக்கு இந்த வேலை புதிதாக இராது.

முதல் மூன்று நாளும் முற்றத்துக்குள்ளேதான். குதிரையில் இடப்பக்கமாக ஏறுவதுதான் உலக வழக்கம். வாள் இடுப்பில் இடப்பக்கம் தொங்கிய காலத்தில் வந்த பழக்கம் என்பார்கள். எனக்கு இடது கால் இல்லை. தோழி ஒரு மரப் படியைக் குதிரையின் வலப்பக்கத்தில் வைத்தாள். வலது காலை அங்கவடியில் வைத்து, செயற்கைக்காலைப் பின்னால் சுழற்றி அந்தப் பக்கம் போட்டேன். ஆச்சி அசையவில்லை. உணர்ச்சி இல்லாத பாதம் அங்கவடிக்குள் கூடுதலாகப் போய் மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்காக முன்பக்கம் மூடிய அங்கவடியைக் கட்டினாள். குளிரில் எஞ்சிய கால் கொஞ்சம் சுருங்கும், செயற்கைக்கால் தளரும். கம்பளிக் காலுறை ஒன்றை மேலதிகமாகப் போட்டுச் சரிப்படுத்தினோம். உடம்போடு ஒட்டிப் போடுவது பருத்தியாக இருக்கக்கூடாது, வியர்வையில் நனைந்து குளிர்ந்துவிடும், கம்பளிதான் நல்லது என்றாள். ஒரு நன்மையும் இருந்தது. குளிரில் எல்லோருக்கும் முதலில் விறைப்பது கால் விரல்கள். எனக்கு ஐந்து விரல்தான் விறைத்தது. அதைச் சொல்லி இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். இந்த மாதிரிச் சிரிப்பு உங்களில் சிலருக்கு விளங்கும்.

அன்றிரவுதான் லிஸ் ஹார்டெல் என்ற டென்மார்க்குப் பெண்ணைப் பற்றித் தோழி சொன்னாள். 1944இல், 23 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ வந்து கை கால்கள் விழுந்துவிட்டன. பிள்ளை சுகமாகப் பிறந்தது. கை திரும்பி வந்தது. முழங்காலுக்குக் கீழே மட்டும் கடைசி வரைக்கும் வரவில்லை. ஆனாலும் குதிரையில் ஏறினார். குதிரை நடைப் போட்டியில் அதுவரை இராணுவ அதிகாரிகள் மட்டுந்தான் ஒலிம்பிக்கில் பங்குபற்றலாம். 1952 ஹெல்சிங்கியில்தான் முதன்முறையாகப் பெண்களையும் சேர்த்தார்கள். அந்த முதல் முறையே ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் எடுத்தார். மேடைக்கு நடக்க அவரால் முடியாது. தங்கம் எடுத்த சுவீடன்காரர்தான் அவருக்குக் கைகொடுத்து உதவினார். 1956இல் மறுபடியும் வெள்ளி. உடல் ஊனமுற்றவர்களைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி கொடுக்கும் முறை பல நாடுகளில் பரவ அவருடைய வெற்றி ஒரு காரணம். "ஆனா நீ பதக்கம் எடுக்க வேண்டாம், விழாமல் இரு" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

நாலாம் நாள் காட்டுக்குள் புறப்பட்டோம். கடிவாள இரும்பைக் குதிரையின் வாயில் வைக்கும் முன் தோழி தன் கைக்குள் வைத்து ஊதி ஊதிச் சூடாக்கினாள். குளிர்ந்த இரும்பு நாக்கில் ஒட்டித் தோலை உரித்துவிடுமாம். குளம்பின் அடியில் பனி கட்டிப்பட்டு, குதிக்கால் உயர்ந்த சப்பாத்துப் போட்டதுபோல ஆகிவிடும், குதிரை தடுக்கி விழும். அதற்காக லாடத்தின் உட்பக்கம் இறப்பர் வளையம் போட்டிருந்தார்கள். பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்க லாடத்தில் சின்னச் சின்ன ஆணிகள். எங்கள் இருவருக்கும் ஒளி பட்டால் மின்னுகிற மஞ்சள் மேலங்கி.

அங்கே பனிச்சறுக்குப் போகிறவர்களுக்கென்று இயந்திரத்தால் சீராக்கிய தடங்கள் உண்டு. குதிரை அதில் கால் வைக்கக்கூடாது, குளம்பு பட்டால் தடம் கெட்டுவிடும். ஆகவே நாங்கள் மரம் ஏற்றுகிற காட்டு வீதியால் போனோம். கடைசியாகப் பனி கொட்டிய பிறகு அதில் ஒருவரும் போகவில்லை. ஊசியிலை மரங்கள் இரண்டு பக்கமும் பனியைச் சுமந்து குனிந்து நின்றன. சத்தம் இல்லை. குதிரைகளின் மூச்சும் சேணத்தோல் உராய்கிற சத்தமும் மட்டும்.

இளையவன் முன்னே போனான். பனி அவனுடைய முழங்காலுக்கு மேல். ஒவ்வொரு காலையும் தூக்கி, குத்தி, மறுகாலைத் தூக்கி, வயல் சேற்றுக்குள் போவது போலத்தான் போனான். ஆச்சி ஒரு குதிரை நீளம் இடைவெளி விட்டு, அவன் மிதித்த குழிகளுக்குள் தன் கால்களை வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைவுக்கு வந்தது இந்த இடந்தான். நான் வழியையோ காட்டையோ பார்க்கவில்லை. முன்னால் விழுந்த குழிகளைத்தான் எண்ணிக்கொண்டு போனேன்.

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். தோழி நின்றாள். இளையவனின் கழுத்தில் வியர்வை, அதிலிருந்து ஆவி பறந்தது.

"இனி நீ முன்னுக்குப் போ" என்றாள்.

முன்னால் பார்த்தேன். வெள்ளை. ஒரு சுவடு இல்லை. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. கை கடிவாளவாரை இறுக்கியது.

"என்னாலை ஏலாதடி."

"ஏன்?"

"கீழை என்ன கிடக்குதெண்டு தெரியாது."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவள் என்னைத் தேற்றவில்லை. "எடி, இது உனக்காகச் சொல்லேல்லை. இவனுக்குக் களைச்சுப் போச்சு. முன்னாலை போறவனுக்குத்தான் களைக்கும். இந்தக் குளிருக்குள்ளை வியர்த்து நனைஞ்சால் வருத்தம் வந்திடும். மாறி மாறித்தான் போகவேணும். கீழை இருக்கிறது ரோட்டு. கோடையிலை நூறு தரம் நடந்திருக்கிறன். பழம் பிடுங்க வந்திருக்கிறன். மிதிவெடி இல்லை" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் சாதாரணமாகச் சொன்னாள். பதினேழு வருடத்தில் என் முன்னால் யாரும் அதை அப்படிச் சொன்னதில்லை. எல்லோரும் "அந்தச் சம்பவம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆச்சியை முன்னே விட்டேன். பத்து அடி போனதும் பயம் மேலே வந்தது. என்னை அறியாமலே வாரை ஒரு பக்கம் இழுத்துவிட்டேன். வந்த தடத்துக்குத் திரும்பத்தான் என் மனம் சொல்லியிருக்க வேண்டும். ஆச்சி பாவம், சொன்னபடி திரும்பினாள். வீதியின் ஓரத்தில் வாய்க்கால், பனி மூடிக் கிடந்தது. முன்கால் இரண்டும் இறங்கி, வயிறு வரைக்கும் புதைந்துவிட்டாள். செயற்கைக்கால் அங்கவடியை விட்டு வெளியே வந்து தொங்கியது. நான் வாரை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். காது இரைந்தது. மாமரத்தடியில் கேட்ட அதே இரைச்சல்.

"வாரை விடு!" தோழி கத்தினாள். "கழுத்து அவளுக்கு வேணும். விடு. பிடரியைப் பிடி."

கையைத் திறப்பது எவ்வளவு கஷ்டமென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு விரலாகத் திறந்தேன். பிடரி மயிரைப் பிடித்துக் குனிந்தேன். கடிவாளம் தளர்ந்ததும் ஆச்சி தலையை நீட்டித் தாழ்த்தினாள், பின்காலை ஊன்றினாள், பாய்ந்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது பாய்ச்சலில் வீதியில் நின்றாள். உடம்பைச் சிலிர்த்துப் பனியை உதறினாள். நான் விழவில்லை. வெடிக்கவும் இல்லை.

நான் அழுதேன். தோழி பக்கத்தில் வந்து என்னுடைய செயற்கைப் பாதத்தைப் பிடித்து அங்கவடிக்குள் வைத்துவிட்டு, "குழப்பினது நீ, குதிரை இல்லை. அவளைக் கேள், வழி எங்கை எண்டு சொல்லுவாள்" என்றாள். பிறகு என்னைக் கடந்து போகாமல், எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

வேறு வழி இல்லை. வாரைத் தளர்வாக வைத்து, குதிக்காலால் மெல்லத் தட்டினேன். ஆச்சி நடந்தாள். அவள் ஒவ்வொரு காலையும் வைக்கிற விதம் எனக்குத் தெரியத் தொடங்கியது. முதலில் தொட்டுப் பார்க்கிறாள், பிறகுதான் பாரத்தைப் போடுகிறாள். ஓரிடத்தில் தானாகவே நின்றாள். காதை முன்னே குவித்தாள். உற்றுக் கேட்டேன். பனிக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம். வீதிக்குக் குறுக்கே சின்ன ஓடை. தோழி இறங்கி வந்து தடியால் குத்திப் பார்த்து, பாலம் இருக்கிற இடத்தைக் காட்டினாள். பாலத்தால் கடந்தோம். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பயம் என்னோடுதான் வந்தது. ஆனால் கால் நகர்ந்தது.

அரைக் கிலோமீற்றருக்கு மேல் போனதும் காடு முடிந்து வெளி வந்தது. மரத்தால் கட்டிய பழைய வீடு ஒன்று. கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் மலைக்கு ஓட்டிக்கொண்டு வந்து, மேய்த்து, பால் கறந்து, வெண்ணெயும் பாற்கட்டியும் செய்கிற மனை அது. அந்த நாட்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்கள் கீழே வயலில் நிற்க, இளம் பெண்கள் மாதக்கணக்கில் மலையில் இருந்து கால்நடைகளைப் பார்த்திருக்கிறார்கள். நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து விண்ணப்பித்து, இந்தக் கோடைக் கமத்து மரபு 2024இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

குதிரைகளுக்குக் கம்பளிப் போர்வை போட்டுவிட்டு, திண்ணையில் இருந்து சுடுதண்ணீர்ப் போத்தலில் கொண்டுவந்த தேத்தண்ணி குடித்தோம். கையுறையைக் கழற்றி, ஆச்சியின் பிடரி மயிருக்கு அடியில் கையை வைத்தேன். அடுப்படி போலச் சூடு.

அங்கேதான் தோழி தன் கதையைச் சொன்னாள். அவளுடைய தம்பி 1990இல் காணாமற்போனவன். இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. நோர்வேக்கு வந்த முதல் இரண்டு குளிர்காலமும் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். "அகதி விசாரணையிலை எல்லாரும் கேள்வி கேட்டினம். எப்ப காணாமப் போனவர், எத்தினை மணிக்கு, என்ன சேட்டு. பக்கத்து வீட்டுக் கிழவி ஒண்டும் கேக்கேல்லை. குதிரை தேய்க்கிற தூரிகையை என்ரை கையிலை தந்து லாயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. குதிரையும் ஒண்டும் கேக்கேல்லை. நான் தேய்ச்சுக்கொண்டே இருந்தன்." அவ்வளவுதான் சொன்னாள். இருபத்தெட்டு வருடமாக என்னிடம் தொலைபேசியில் பேசியவள், அதுவரை இதைச் சொன்னதில்லை. முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் வந்த எனக்கு, அவள் இத்தனை காலம் முன்னால் போய்க் களைத்திருக்கிறாள் என்பது தெரியாமல் போய்விட்டது.

திரும்பி வரும்போது எங்களுடைய சுவடுகள் கிடந்தன. முற்றம் வரைக்கும் நான்தான் முன்னால் வந்தேன்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் பயணக்கதை. வந்து இரண்டு கிழமை சும்மா இருந்தேன். பிறகு ஒரு நாள் காலை பெட்டியைத் திறந்து அந்தக் கடுதாசியை எடுத்து வாசித்தேன். எங்கள் காணியின் எல்லையும் திகதியும் இருந்தன. கிணற்றைத் தாண்டினேன். ஆச்சி மாதிரித்தான், தொட்டுப் பார்த்து, பிறகு பாரத்தைப் போட்டு. மாமரத்தடி வரைக்கும் முப்பத்தெட்டு அடி. பதினேழு வருடத்துச் சருகு அங்கே கிடந்தது. கூட்டி அள்ளினேன். இப்போது அந்த மாமரத்துக் காயில்தான் ஊறுகாய் போடுகிறோம்.

சகோதரி, இதில் இருந்து உங்களுக்குச் சில விடயங்கள் சொல்வேன்.

முதலாவது, பயத்தில் உண்மையான பயமும் உண்டு. மண்டையோடு போட்ட பலகை நிற்கிற இடத்துக்கும், துப்புரவு செய்ததாக உறுதி தராத காணிக்கும் தைரியத்தைக் காட்டப் போக வேண்டாம். மிதிவெடிகளைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. ஆனாலும் உடன்படிக்கை வந்த உடனே மண் துப்புரவாகிவிடாது. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலரிடமோ பொலிஸிலோ சொல்லுங்கள். நான் சொல்வது, வழி துப்புரவான பிறகும் காலைத் தூக்க விடாத பயத்தைப் பற்றி.

இரண்டாவது, அந்த வழியைத் தெரிந்த ஒருத்தியைத் துணைக்குக் கூப்பிடுங்கள். முதலில் அவள் முன்னால் போகட்டும். பிறகு அவளைப் பின்னால் வரச் சொல்லி நீங்கள் பத்து அடி போங்கள். நாளைக்குப் பதினொரு அடி. இடையில் வாய்க்காலுக்குள் இறங்கினால் வெட்கப்பட வேண்டாம். நானும் இறங்கினேன்.

மூன்றாவது, இது நித்திரையையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்கு இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது போலத்தான் அதுவும். நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. அது வருத்தந்தான், சிரிக்கிற விடயம் இல்லை, இளகக்கூடியது.

மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எங்கள் ஒவ்வொரு ஊரிலும் முன்னால் போகிற ஒருத்தி இருக்கிறாள். சங்கக் கூட்டத்தில் எழும்பிப் பேசுகிறவள், காணாமற்போனவர்களின் படத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் நிற்கிறவள், கச்சேரிக்கு எல்லோருடைய விண்ணப்பத்தையும் சுமக்கிறவள். நாங்கள் அவள் மிதித்த குழிக்குள் கால் வைத்துப் போகிறோம். அவளுக்குக் களைத்திருக்கும், கேட்டால் இல்லை என்பாள். அவள் கேட்கும்வரை காத்திருக்காமல் இந்த மாதம் ஒரு தரம், ஒரு பத்து அடியாவது, நீங்கள் முன்னால் போங்கள்.

போன கதையை எனக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டேன்.

அடுத்த மாதம் சந்திப்போம்.